அலமாரியில் தானாக முளைத்த காய்: விஷமூங்கிலா, ஸ்பைடர் லில்லியா?

திருநகர்_மாடித்தோட்டம்

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் சோழவந்தான் பக்கம் அம்மா ஊருக்குப் போயிருந்தோம். தோப்பு வேலி ஓரமாக இடுப்பு உயரத்துக்கு ஒரு செடி, வாழைக்கன்று போல அடிமரம், நீளநீளமான இலை. அதன் கீழே எலுமிச்சம்பழம் அளவில் பச்சையாக இரண்டு காய் கிடந்ததை என் மகள் எடுத்துவந்து புத்தக அலமாரியில் வைத்தாள், அப்புறம் மறந்துவிட்டாள். நேற்று தூசி தட்டும்போது பார்த்தால் ஒரு காயிலிருந்து விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு குழாய் இறங்கியிருக்கிறது, நுனி கொஞ்சம் பருத்திருக்கிறது. மண்ணும் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றவில்லை. இது எப்படி முளைத்தது?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஆறு மாதம் முன்னால் ஒரு நர்சரியில் 'ஸ்பைடர் லில்லி' என்று ஒரு தொட்டி வாங்கினேன். விஷமூங்கில் என்பதும் இதுதான் என்று விற்றவர் சொன்னார். இரண்டு செடியின் இலையும் ஒன்று போல இல்லை. இரண்டும் ஒரே செடிதானா? ஊரில் கேட்டால் எல்லாவற்றுக்கும் 'லில்லி' என்ற ஒரே பதில்தான் வருகிறது.

வாய்க்கால்கரை

வேலி ஓரம் இருந்தது விஷமூங்கில்தான் தம்பி. நச்சுமூங்கில் என்றும் சொல்வார்கள். எங்கள் தோப்பில் தாத்தா காலத்திலிருந்து நிற்கிறது. ஆடு வாய் வைக்காது, அதனால்தான் வேலிக்கு வைத்தார்கள். காய் முளைத்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை, அதன் சுபாவமே அப்படி. பூத்தண்டு காயின் பாரம் தாங்காமல் தரையில் சாய்ந்துவிடும், அங்கேயே முளைத்து அம்மாவைச் சுற்றிக் குட்டிகள் நிற்கும். இன்னொரு காயைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுவும் முளைக்கும்.

பாட்டனி_டீச்சர்

வாய்க்கால்கரை அண்ணன் சொன்னது சரி, விஷமூங்கிலின் அறிவியல் பெயர் கிரைனம் ஏசியாட்டிகம். ஆனால் அதிசயம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், எனக்கு இருபது வருடமாக இந்த விதை அதிசயம்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நீங்கள் காய் என்று நினைத்து அலமாரியில் வைத்தது பெரும்பாலும் விதை. காயின் மேல்தோல் மெல்லியது, கிழிந்து போயிருக்கும். உள்ளே ஒன்றோ இரண்டோ விதைதான் இருக்கும், அதுவே உருண்டை திரண்டு காய் மாதிரி தெரியும்.

அவரை, புளி, வேம்பு என்று நாம் பார்க்கும் விதைகள் எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு விதையுறை உண்டு. பூவில் விதையாகப் போகும் சூலைச் சுற்றியிருக்கும் சூலுறைதான் பின்னால் விதையுறையாக மாறுகிறது. கிரைனத்தின் சூலுக்குச் சூலுறையே கிடையாது, அதனால் விதைக்கும் உறை கிடையாது. நீங்கள் கையில் பிடித்திருப்பது நேரடியாகக் கருவூண் திசு, அதாவது நெல்லில் நாம் அரிசியாகச் சாப்பிடுகிற அந்தப் பாகம். அதன் வெளிப்புறம் மட்டும் தக்கை போல மாறித் தன்னைத்தானே மூடிக்கொள்கிறது. தக்கைக்குக் கீழே நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், பச்சையாக இருக்கும். பச்சையம் அது. கருவூண் திசுவில் பச்சையம் இருப்பது செடி உலகத்தில் அபூர்வம்.

தண்ணீர் ஊற்றாமல் முளைத்ததற்குக் காரணம் இதுதான். கடலை, உளுந்து எல்லாம் காய்ந்து உறங்கும் விதைகள், தண்ணீர் பட்டால்தான் எழும். கிரைனம் விதை காயவே காயாது. தனக்கு வேண்டிய தண்ணீரையும் மாவையும் உள்ளேயே வைத்திருக்கிறது, உறக்கமும் இல்லை. அதனால் அலமாரியாக இருந்தாலும் நேரம் வந்தால் புறப்பட்டுவிடும்.

நீங்கள் பார்த்த வெள்ளைக் குழாய் வேர் இல்லை, விதையிலை. ஒற்றை விதையிலை நீண்டு, கருவின் நுனியைச் சுமந்துகொண்டு விதையிலிருந்து தள்ளிப்போய் இறக்கிவிடுகிறது. அந்தப் பருத்த நுனியில்தான் முதல் வேரும் முதல் இலையும் வரும். அங்கேயே சின்னக் குமிழம் ஒன்றும் உருவாகும்.

திருநகர்_மாடித்தோட்டம்

டீச்சர், சுரண்டிப் பார்த்தேன், நிஜமாகவே பச்சை! மகள் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போகிறேன் என்று நிற்கிறாள். இப்போது நடலாமா? எவ்வளவு ஆழம்?

பாட்டனி_டீச்சர்

நடலாம். விதையைப் புதைக்க வேண்டாம். தொட்டி மண்ணின் மேல் பாதி அழுந்தும்படி வையுங்கள், குழாயின் நுனி மட்டும் மண்ணைத் தொட வேண்டும். உச்சி வெயில் கூடாது. விதை சுருங்கிப் போகும்வரை பிய்த்து எடுக்காதீர்கள், கன்றுக்குச் சாப்பாடு அதிலிருந்துதான் போகிறது. இரண்டாவது விதையைக் காயவைத்து எடுத்து வைக்கலாம் என்று நினைத்தால் செத்துவிடும். ஃபிரிட்ஜிலும் வைக்க வேண்டாம்.

நிலக்கோட்டை_பூந்தோட்டம்

நான் சம்பங்கி விவசாயி. மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் பூ போடுகிறேன். எங்களுக்குக் கிழங்குதான் விதை, தோண்டி எடுத்துப் பிரித்து நடுவோம். டீச்சருக்கு ஒரு கேள்வி. சம்பங்கியும் சாயங்காலத்துக்கு மேல்தான் மணக்கும், விஷமூங்கிலும் அப்படித்தான். பூ வெள்ளை, அடியில் கிழங்கு, இலை நீளம். அப்போது இரண்டும் ஒரே சாதிதானே?

பாட்டனி_டீச்சர்

இல்லைங்க அண்ணே. நல்ல கேள்வி, ஏனென்றால் இந்த ஒற்றுமைகள்தான் எல்லாரையும் குழப்புகின்றன. உங்கள் சம்பங்கி மெக்சிகோச் செடி. முன்பு பாலியாந்தஸ் என்ற தனிப் பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டத்தில் இருந்தது, இப்போது ஆனைக்கற்றாழையோடு அகேவ் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ஆமாம், நம் ரோட்டோரம் ரயில் பாதை ஓரம் நிற்கும் முள்ளுக் கற்றாழையின் சொந்தம். விஷமூங்கிலோ வெங்காயத்தின் சொந்தம், அமரில்லிடேசி குடும்பம்.

வயலிலேயே சோதிக்கலாம். சம்பங்கித் தண்டில் பூ ஒன்றன் மேல் ஒன்றாகக் கதிர் போல ஏறிக்கொண்டே போகிறது அல்லவா? விஷமூங்கிலில் அப்படி இல்லை. மொட்டைத் தண்டு ஒன்று எழுந்து அதன் உச்சியில் ஒரே இடத்திலிருந்து இருபது முப்பது பூ விரியும், குடைக்கம்பி மாதிரி. அதனால் குடைமஞ்சரி என்று பெயர். மொட்டாக இருக்கும்போது எல்லாவற்றையும் இரண்டு பெரிய பூவடிச்செதில்கள் உறை போல மூடியிருக்கும். விதைக்கு விட்ட வெங்காயத்தின் பூவை நினைத்துப் பாருங்கள், அதே கட்டுமானம். ஒரே ஒரு முக்கிய வித்தியாசம், வெங்காயத்தில் சூற்பை பூவிதழ்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். கிரைனத்தில் சூற்பை கீழே, அதன் தலையில் நீண்ட குழல், குழலின் உச்சியில் ஆறு பூவிதழ்.

மணத்தில் இருக்கும் ஒற்றுமைக்குக் காரணம் உறவு கிடையாது, விருந்தாளி. இரண்டு பூவுமே இருட்டில் வரும் அந்துப்பூச்சிகளை நம்பியிருக்கின்றன. இருட்டில் தெரிய வெள்ளை நிறம், தூரத்திலிருந்து கூப்பிட மணம். விஷமூங்கிலின் பூக்குழல் விரல் நீளத்துக்கு இருக்கும், அதன் அடியில் இருக்கும் தேனைத் தொட நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பருந்து அந்துப்பூச்சியால்தான் முடியும். சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் ஒரு நாள் செடிப் பக்கத்தில் சத்தம் போடாமல் உட்கார்ந்து பாருங்கள்.

நிலக்கோட்டை_பூந்தோட்டம்

கற்றாழையும் சம்பங்கியும் ஒரே வீடா! முப்பது வருடமாகச் சம்பங்கி பறிக்கிறேன், இன்றைக்குத்தான் தெரியும். சரி, நாங்கள் கிழங்கு என்கிறோம், நீங்கள் குமிழம் என்கிறீர்கள். என்ன வித்தியாசம்?

செடிப்பித்தன்_அண்ணாநகர்

இதை நான் சொல்கிறேன். சமையலறையில் பெரிய வெங்காயம் ஒன்றை நெடுக்குவாக்கில் வெட்டிப் பாருங்கள். அடியில் வேர் ஒட்டியிருக்கும் கெட்டியான வட்டத் தட்டு இருக்கிறதே, அதுதான் தண்டு, அவ்வளவுதான் தண்டு. மேலே அடுக்கடுக்காக இருப்பதெல்லாம் இலையின் அடிப்பகுதி, உணவைச் சேர்த்துச் சதை போட்டது. அதுதான் குமிழம். உருளைக்கிழங்கை வெட்டினால் அடுக்கு வராது, முழுக்கத் தண்டு, அது கிழங்கு. சேப்பங்கிழங்கும் முழுக்கத் தண்டுதான், ஆனால் செங்குத்தாக வளர்ந்து பருத்தது, அதைக் கந்தம் என்பார்கள். செங்காந்தளுக்கு அடியில் கலப்பை மாதிரி வளைந்திருப்பது கிழங்கு, குமிழம் கிடையாது. பேச்சில் எல்லாமே கிழங்குதான், அதில் தப்பும் இல்லை.

விஷமூங்கிலில் இந்த இலையடிகள் மண்ணுக்கு மேலேயும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு எழும்புவதால்தான் வாழைக்கன்று மாதிரி தெரிகிறது. வாழையிலும் நாம் மரம் என்பது இலையடிகளின் சுருட்டல்தானே.

இன்னொன்றையும் கவனியுங்கள். பூத்தண்டு இலைக்கொத்தின் நட்டநடுவிலிருந்து வராது, பக்கவாட்டில் இலையின் கக்கத்திலிருந்து வரும். அதனால் பூத்து முடிந்தாலும் செடியின் குருத்து அப்படியே இருக்கும், வாழை மாதிரி குலை தள்ளியதும் முடிந்துபோகாது. ஒரே செடி வருடக்கணக்கில் பூக்கும்.

மேலூர்_செல்வி

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை வைக்கலாமா? எங்கள் அப்பாயி இதன் இலையில் விளக்கெண்ணெய் தடவி அனலில் வாட்டி, வீக்கத்துக்குக் கட்டுவார். பெயரிலேயே விஷம் இருக்கிறதே என்று பயமாகவும் இருக்கிறது.

பாட்டனி_டீச்சர்

செல்வி, இலையை வெளியே கட்டுவது பல ஊர்களில் உள்ள பழக்கம்தான், ஆனால் உள்ளுக்கு எதுவும் கூடவே கூடாது. குமிழம், இலை, விதை எல்லாவற்றிலும் லைகோரின் போன்ற ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. அமரில்லிடேசி குடும்பத்தில் கிரைனம் இருக்கும் கிளைக்கே உரிய வேதிப்பொருள்கள் இவை. தின்றால் கடுமையான வாந்தி வரும், வயிற்றுப்போக்கும் வரும். குமிழம் பார்க்க வெங்காயம் மாதிரியே இருப்பதுதான் ஆபத்து, ஆனால் உரித்தால் வெங்காய வாசனை வராது. சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், அதனால் பிரித்து நடும்போது கையுறை போடுங்கள். சின்னக் குழந்தை இருந்தால் இன்னும் மூன்று நான்கு வருடம் கழித்து வையுங்கள், இதில் நான் கறாராகத்தான் சொல்வேன். வாயில் வைத்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

திருநகர்_மாடித்தோட்டம்

மகளிடம் சொல்லிவிட்டேன், விதையைத் தொட்டால் கை கழுவுகிறாள். நர்சரித் தொட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? இலை பட்டையாக, அடர்பச்சையில், முழ நீளத்துக்கு மேல் இருக்கிறது. அடிமரம் எதுவும் இல்லை. இன்னும் பூக்கவில்லை, இப்போதுதான் ஒரு தண்டு எட்டிப் பார்க்கிறது. விற்றவர் 250 ரூபாய் வாங்கிக்கொண்டு, வாசலில் வைத்தால் பாம்பு வராது என்றும் சொன்னார்.

செடிப்பித்தன்_அண்ணாநகர்

பாம்பு வராது என்பதை நம்பாதீர்கள், அடர்ந்த புதர் எதுவாக இருந்தாலும் அதன் நிழலில் தவளை தங்கும், தவளை இருந்தால் பாம்பும் வரும்.

உங்களுடையது ஹைமனோகாலிஸ் என்று சந்தேகப்படுகிறேன். அமெரிக்கக் கண்டத்துச் செடி, நம் ஊர்ப் பூங்கா, கல்லூரி வளாகம், ரோட்டு நடுத்திட்டு எல்லா இடத்திலும் நட்டிருக்கிறார்கள். பூ திறந்ததும் நடுவில் பாருங்கள். ஆறு மகரந்தக்கம்பிகளும் அடியில் ஒரு மெல்லிய வெள்ளைச் சவ்வால் சேர்ந்து சின்னக் கிண்ணம் போல இருந்தால் ஹைமனோகாலிஸ். கிண்ணம் இல்லாமல் கம்பிகள் தனித்தனியாக விரிந்து நின்றால் கிரைனம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டுமே வெள்ளைச் சிலந்தி, அதனால்தான் இரண்டுக்கும் ஸ்பைடர் லில்லி என்று ஒரே பெயரை ஒட்டி விற்கிறார்கள்.

பூக்கும்வரை பொறுக்க முடியாது என்றால் இன்னொரு வழி. வயதான இலை ஒன்றைக் குறுக்கே கிழித்து, இரண்டு துண்டையும் மெதுவாக இழுங்கள். தாமரைத் தண்டை ஒடித்தால் நூல் நூலாக வருமே, விளக்குத்திரிக்கு எடுப்பார்களே, அது போல மெல்லிய இழைகள் வந்தால் கிரைனம். ஹைமனோகாலிஸில் வராது.

வாய்க்கால்கரை

இப்போதே தோப்புக்குப் போய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். பட்டு நூல் மாதிரி வருகிறது! எத்தனை வருடமாக இந்த இலையை அரிவாளால் கழித்திருக்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை. அது என்ன நூல்?

பாட்டனி_டீச்சர்

தண்ணீர் கடத்தும் குழாய்களின் உள்சுவரில் சுருள் கம்பி போன்ற தடிப்பு இருக்கும். இலை கிழியும்போது அந்தச் சுருள் பிரிந்து நீள்கிறது. கிரைனமும் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் அதன் நெருங்கிய சொந்தங்களும் இந்த அடையாளத்தைப் பகிர்ந்துகொள்கின்றன.

செல்லூர்_தொட்டிச்செடி

எங்கள் வீட்டில் சிவப்பாக எக்காளம் மாதிரி பூக்கும் ஒன்று இருக்கிறது, அமரில்லிஸ் என்று கொடுத்தார்கள். அதுவும் கிரைனமா?

செடிப்பித்தன்_அண்ணாநகர்

பூத்து முடிந்த தண்டை வெட்டிப் பாருங்கள். உள்ளே குழாயாக இருந்தால் ஹிப்பியாஸ்ட்ரம், தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. கிரைனத்தின் தண்டு உள்ளே நிறைந்திருக்கும். ஹிப்பியாஸ்ட்ரம் விதை கறுப்பாகத் தாள் மாதிரி இருக்கும், விஷமூங்கில் விதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மேலூர்_செல்வி

அப்படியானால் விதையைப் பார்த்தே சொல்லிவிடலாமே? பச்சையாகச் சதைப்பற்றாக இருந்தால் கிரைனம், சரிதானே?

பாட்டனி_டீச்சர்

இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது, நானே படிக்கிற காலத்தில் விழுந்த பள்ளம். ஹைமனோகாலிஸ் விதையும் பச்சைதான், சதைதான், அதுவும் காயாமல் முளைக்கும். ஆனால் அதில் சதைப்பிடித்துப் பச்சையாக இருப்பது சூலுறை. கிரைனத்தில் சூலுறையே இல்லை, பச்சையாக இருப்பது கருவூண் திசு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிப் பச்சை உருண்டை, உள்ளே இரண்டும் வேறு வேறு திசுக்களிலிருந்து வந்தவை. ஒரு செடி ஆசியாவில், இன்னொன்று அமெரிக்காவில், ஒரே வேலைக்கு இரண்டு வழி கண்டுபிடித்திருக்கின்றன. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.

அந்த வேலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிரைனம் விதையை ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள், மிதக்கும். ஏசியாட்டிகம் இயல்பாகக் கடற்கரைச் செடி, அதன் விதை கடல் தண்ணீரிலேயே மிதந்துபோய்க் கரை ஒதுங்கி முளைக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட கிரைனம் இனங்கள் உலகில் உண்டு, ஆப்பிரிக்காவில்தான் அதிகம். ஆனால் கிரைனத்தின் நெருங்கிய சொந்தங்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவைத் தாண்டாதபோது, கிரைனம் மட்டும் ஆசியா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று எல்லா வெப்பநாட்டுக் கரைகளிலும் இருக்கிறது என்றால் அந்த மிதக்கும் விதைக்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தபோதே ஏசியாட்டிகம் ஒன்று, அமெரிக்கானம் ஒன்று என்று இரண்டு பக்கத்து இனங்களும் அவர் பட்டியலில் இருந்தன.

வாய்க்கால்கரை

டீச்சர், தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் வாய்க்காலுக்குள்ளேயே, சேற்றில் ஒன்று நிற்கும். இலை ஒல்லி, இரண்டு விரல் அகலம்கூட வராது. பூ ஏழெட்டுத்தான் இருக்கும், வெள்ளை, மகரந்தக் கம்பி மட்டும் சிவப்பு. தண்ணீர் விட்டால் முங்கிக் கிடக்கும், வற்றினால் இலை காய்ந்துவிடும், மறுபடியும் தண்ணீர் வந்ததும் எழுந்துவிடும். சின்ன வயதில் அதைப் பிடுங்கப் பார்த்திருக்கிறேன், இலைதான் கையோடு வரும், வெங்காயம் வராது.

பாட்டனி_டீச்சர்

அண்ணே, ஒரு படம் போட முடியுமா? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கிரைனம் விவிபேரம், பழைய புத்தகங்களில் டிஃபிக்சம் என்று இருக்கும். ஆற்றங்கரை, வாய்க்கால் ஓரச் சேறுதான் அதன் வீடு. விவிபேரம் என்றால் குட்டி போடுவது என்று பொருள், இந்தப் பேரினத்துக்கே வைத்திருக்கலாம் அந்தப் பெயரை. பிடுங்க வராததற்குக் காரணம், இந்த வகைக் குமிழங்களின் வேர்கள் சில சுருங்கும் தன்மை உள்ளவை. வளர்ந்தபின் சுருங்கிக் குமிழத்தைக் கீழே கீழே இழுத்துக்கொண்டே போகும்.

ஒரு வேண்டுகோள். வாய்க்காலைத் தூர்வாரும்போதும் கரைக்கு சிமெண்ட் போடும்போதும் முதலில் போவது இந்த மாதிரிச் செடிகள்தான். விஷமூங்கிலை எந்த நர்சரியிலும் வாங்கலாம், வாய்க்காலில் நிற்கும் இந்த ஒல்லி இலைக்காரியை எங்கேயும் விற்க மாட்டார்கள். விதை பழுக்கும் சமயம் நான்கைந்து எடுத்துக் கரையில் வேறு இடத்தில் வைத்துவிடுங்கள், அண்ணே. குமிழத்தைத் தோண்ட வேண்டாம்.

வாய்க்கால்கரை

வைக்கிறேன் டீச்சர். போன வருடம் இயந்திரம் வந்து ஒரு பக்கக் கரையை வழித்தெடுத்தபோது எனக்கு இது என்ன என்று தெரியாது. மறு பக்கத்தில் இன்னும் இருக்கிறது. படம் ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன்.

செல்லூர்_தொட்டிச்செடி

ஒரு உதவி. என் செடியின் இலைக்குள்ளே கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட புழு கூட்டமாக இருக்கிறது. இரண்டு நாளில் பாதி இலை காலி. மருந்து அடிக்கட்டுமா?

நிலக்கோட்டை_பூந்தோட்டம்

ஒரு தொட்டிக்கு எதற்கு மருந்து. புழு தெரிகிற இலையை அடியோடு வெட்டி, சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். நான்கு நாள் தொடர்ந்து சாயங்காலம் டார்ச் அடித்துப் பாருங்கள், இலையின் அடிப்பக்கம் முட்டை இருந்தால் வழித்துவிடுங்கள். குருத்துக்குள் இறங்க விட்டால்தான் கஷ்டம்.

செடிப்பித்தன்_அண்ணாநகர்

சரியான யோசனை. இலை எல்லாம் போனாலும் கலங்க வேண்டாம், வளர்நுனி குமிழத்துக்குள் பத்திரமாக இருக்கும்வரை புது இலை வரும்.

திருநகர்_மாடித்தோட்டம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். முதல் விதையிலிருந்து இலை வந்துவிட்டது, புல் மாதிரி ஒற்றை இலை, அரையடி இருக்கும். விதை இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது, பிய்க்கவில்லை. இரண்டாவது விதை மகளின் வகுப்பறை ஜன்னலில் இருக்கிறது, பிள்ளைகள் யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார்களாம். அங்கேயும் குழாய் இறங்க ஆரம்பித்திருக்கிறது.

நர்சரித் தொட்டி நேற்று ராத்திரி பூத்தது. ஏழு மணிக்கு மொட்டு வாய் திறந்தது, ஒன்பதுக்குள் முழுக்க விரிந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தோம். கிண்ணம் இருக்கிறது! வெண்ணிலா நிறத்தில், கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிசாக, ஓரத்தில் ஆறு கம்பி. இலையைக் கிழித்தும் பார்த்தேன், நூல் வரவில்லை. அப்போது இது ஹைமனோகாலிஸ்தான்.

செடிப்பித்தன்_அண்ணாநகர்

ஹைமனோகாலிஸ்தான், சந்தேகமே இல்லை. தொட்டியில் பெயரை எழுதி வைத்துவிடுங்கள்.

மேலூர்_செல்வி

டீச்சர் சொன்னபடி நான் நான்கு வருடம் பொறுக்கிறேன். அதற்குள் எனக்கு ஒரு விதை எடுத்து வைக்க முடியாது இல்லையா, காயவைத்தால் செத்துவிடுமே?

வாய்க்கால்கரை

எடுத்து வைக்க வேண்டாம் தாயி. செடி தோப்பில்தான் நிற்கிறது, எங்கேயும் போகாது. நான்கு வருடம் கழித்து வாருங்கள், அன்றைக்கு விழுந்ததை எடுத்துத் தருகிறேன்.